தங்கக் குதிரைப் புராணம்

1958 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சாயங்காலம், சீனப் பெருநிலத்திலிருந்து, தைவான் வசமிருந்த கின்மன் என்ற குட்டித் தீவின் மேல் குண்டு விழ ஆரம்பித்தது. 44 நாளில் சுமார் 4,70,000 குண்டு. அதற்கப்புறம் மாவோவுக்கு அலுத்துப் போயிற்றோ என்னவோ, போர்க்கலைப் புத்தகம் எதிலும் இல்லாத ஓர் ஏற்பாடு வந்தது. ஒற்றைப்படைத் தேதியில் சுடுவோம், இரட்டைப்படைத் தேதியில் சுட மாட்டோம். தீவுக்காரர்கள் கல்யாணமோ காதுகுத்தோ வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் காலண்டரைப் பார்த்தால் போதும், ஜோசியர் செலவு மிச்சம். இந்த டைம்டேபிள் 1979 ஜனவரி 1 வரை, ஏறத்தாழ இருபது வருஷம் ஓடியது. போகப் போகக் குண்டுக்குள் வெடிமருந்துக்குப் பதில் பிரசார நோட்டீஸை அடைத்து அனுப்பினார்கள். இரும்புக்கூட்டோடு தலையில் விழுந்தால் நோட்டீஸும் ஆளைக் கொல்லும் என்பது வேறு விஷயம்.

கின்மன் கொல்லர்கள் சும்மா இருக்கவில்லை. விழுந்த இரும்பைப் பொறுக்கிக் காய்கறி நறுக்கும் கத்தி அடித்தார்கள். இன்றைக்கும் அந்தத் தீவின் பேர்பெற்ற சரக்கு அதுதான். எதிர்க்கரையிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள், தங்கள் அரசாங்கம் ஒருகாலத்தில் இலவசமாக அனுப்பிவைத்த இரும்பைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிப் போயிருக்கிறார்கள்.

சினிமாக் கதையில் பீரங்கி எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். சீன மொழிப் படங்களுக்கு உலகத்திலேயே பெரிய கௌரவம் என்று பேர் வாங்கிய தைபேயின் தங்கக் குதிரை விருது, இந்தக் குண்டு மழையில் முளைத்த காளான். கின்மன் என்பதில் இருக்கும் 'கின்' தங்கம். வடக்கே அதேபோல அடி வாங்கிக்கொண்டிருந்த மாட்சுத் தீவின் 'மா' குதிரை. இரண்டையும் ஒட்டினால் தங்கக் குதிரை. கான் நகரத்தார் தங்கள் விருதுக்குப் பனை ஓலையின் பேரை வைத்தார்கள். வெனிஸ்காரர்கள் ஊர்ச் சின்னமான சிங்கத்தை வைத்தார்கள். தைவான் அரசு போர்முனையில் இருந்த இரண்டு காவல் சாவடிகளின் பேரை வைத்தது.

வைத்தவர் யார் என்று தெரிந்தால் ஆச்சரியம் அடங்கிவிடும். 1949-இல் உள்நாட்டுப் போரில் தோற்று, மூட்டை முடிச்சோடும் அரண்மனைப் பொக்கிஷங்களோடும் கடல் தாண்டி வந்து தைவானில் குடியேறியவர் சியாங் காய்-ஷேக். குடியேறினேன் என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கிறேன், சீக்கிரமே படையோடு திரும்பிப் போய்ப் பெருநிலத்தை மீட்டுவிடுவேன் என்றுதான் கடைசி வரை பேச்சு. சொந்த ஊருக்குப் போகப் போகிறேன் என்று வாடகை வீட்டில் இருபத்தைந்து வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தவர்களை நமக்கும் தெரியும். ஆனால் அவர்களிடம் செய்தித்துறை இருந்ததில்லை. சியாங்கிடம் இருந்தது. அந்தத் துறைதான் 1962-இல் விருதைத் தொடங்கியது. முதல் விழா நடந்த தேதி அக்டோபர் 31. சியாங்கின் பிறந்த நாள். தற்செயல்தான், வேறென்ன!

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். சியாங்கின் அரசு தங்கக் குதிரையை நம்பிக் கடலில் இறங்கியது.

விருது யாருக்கு? 'நல்ல தேசமொழிப் படங்களுக்கு.' தேசமொழி என்றால் மாண்டரின். இங்கேதான் சிக்கல். தீவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஹொக்கியன். பள்ளிக்கூடத்தில் பையன் வாய்தவறி அம்மா பேசும் மொழியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அபராதம் கட்ட வேண்டும், அல்லது கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தச் சமயத்தில் தீவில் ஹொக்கியன் படங்கள் ஈசல் மாதிரி வந்துகொண்டிருந்தன. பேய்ப் படம், அழுகைப் படம், துப்பறியும் படம், ஒரு குண்டரும் ஓர் ஒல்லியும் ஊர் சுற்றும் படம், எல்லாம் உண்டு. மொத்தம் ஆயிரத்துக்கு மேல் எடுத்தார்கள். ஜனங்கள் பார்த்தது அவற்றைத்தான். விருதுக் குழுவின் கண்ணுக்கு அவை படங்களே அல்ல. தீவில் மாண்டரின் படம் எடுத்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களிலும் பாதி அரசாங்க ஸ்டுடியோக்காரர்கள்.

ஆக, விருது இருக்கிறது, கொடுக்கப் படம் இல்லை. ஹாங்காங்கைப் பார்த்துக் கையை நீட்டினார்கள். முதல் வருஷம் சிறந்த படம் 'நட்சத்திரம், நிலா, சூரியன்'. ஒரு மனிதன், மூன்று பெண்கள், இடையில் ஜப்பானியப் போர். நடிகை யூ மின்னுக்குச் சிறந்த நடிகை விருது. படத்தை எடுத்த கம்பெனி கேத்தே. அதன் முதலாளி லோக் வான் தோ மலாயாவில் பிறந்த சீனர், சிங்கப்பூரில் இருந்து தொழில் நடத்தியவர். பெருநிலத்தை மீட்கப் போகும் குதிரையின் முதல் சவாரி இப்படிச் சிங்கப்பூர்ப் பணத்தில் ஹாங்காங் வழியாக நடந்தது. (லோக் பெரிய பறவைப் பைத்தியம். நம் சலீம் அலியின் நெருங்கிய நண்பர், பறவை தேடி அவரோடு இந்தியாவில் அலைந்தவர். 1964 ஜூனில் ஆசியத் திரைப்பட விழாவுக்காகத் தைவான் வந்தபோது விமான விபத்தில் இறந்துபோனார். அதில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை.)

இரண்டாம் வருஷம்தான் உண்மையான கூத்து. 1963-இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ், லோக்கின் கேத்தே இரண்டும் ஒரே பழங்கதையைப் படமாக்கக் கிளம்பின. லியாங் ஷான்போ, சூ யிங்தாய் காதல் கதை. யார் முதலில் திரைக்குக் கொண்டுவருவது என்று போட்டி. ஷா கம்பெனியின் இயக்குநர் லீ ஹான்-சியாங் கூட்டாளிகளை ஆளுக்கொரு காட்சியாகப் பிரித்து எடுக்கச் சொல்லி, இராப்பகலாக வேலை வாங்கி முந்திக்கொண்டார்.

கதை இதுதான். படிக்க ஆசைப்பட்ட சூ யிங்தாய் ஆண் வேஷம் போட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். அங்கே லியாங் ஷான்போ சிநேகிதனாகிறான். மூன்று வருஷம் ஒன்றாகப் படிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பது பெண் என்று அந்தப் புத்திசாலி மாணவனுக்கு மூன்று வருஷமும் தெரியவில்லை. அவளே குறிப்பால் உணர்த்தியும் தெரியவில்லை, உவமை சொல்லியும் தெரியவில்லை. தெரிந்தபோது அவளுக்கு வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது. இருவரும் செத்து வண்ணத்துப்பூச்சிகளாகிறார்கள். இந்தப் படத்தில் லியாங் ஷான்போவாக நடித்தவரே ஒரு பெண், லிங் போ. அதாவது ஆண் வேஷம் போட்ட ஒரு பெண்ணை, ஆண் வேஷம் போட்ட இன்னொரு பெண் பெண்ணென்று கண்டுபிடிக்க முடியாமல் மூன்று வருஷம் திண்டாடுகிறாள். கதை தர்க்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டது. பாட்டு நன்றாக இருந்தது. ஜனங்களுக்கு அது போதும்.

தைபேக்குப் பித்துப் பிடித்தது. பாட்டிமார்கள் சாப்பாட்டுப் பெட்டியோடு காலையிலேயே தியேட்டருக்குப் போய்க் கடைசி ஆட்டம் வரை உட்கார்ந்தார்கள். ஒருமுறை பார்த்தேன் என்று சொன்னால் கேவலம். நூறு தடவைக்கு மேல் பார்த்தவர்கள் இருந்தார்கள். மாண்டரின் சரியாக வராதவர்களும் பாட்டை மனப்பாடமாகப் பாடினார்கள். வாத்தியார் அபராதம் போட்டு வருஷக்கணக்கில் சாதிக்க முடியாததைப் பொய் மீசைகூட இல்லாத ஒரு கதாநாயகன் இரண்டு மணி நேரத்தில் சாதித்தார்.

1963 அக்டோபர் 30 அன்று, விழாவுக்காக லிங் போ தைபேயில் வந்து இறங்கினார். தெருவில் நின்று பார்த்தவர்கள் 1,80,000 பேர் என்று அன்றைய கணக்கு. காரின் மேல் பூவும் பரிசுப் பொருளும் மழையாகக் கொட்டின. ஹாங்காங் பத்திரிகைகள் தைபேக்குப் 'பைத்தியக்கார நகரம்' என்று பேர் வைத்தன. சியாங்கின் பிறந்த நாளுக்கு முந்தின நாள் அது. படைகளைக் காட்டி, பள்ளிப் பிள்ளைகளைக் கொடியோடு நிறுத்தி, வருஷம் தவறாமல் சேர்த்த கூட்டத்தை விடப் பெரிய கூட்டம் யாரும் கூப்பிடாமலே வந்து நின்றது, ஒரு பொம்பளை மாப்பிள்ளையைப் பார்க்க.

அடுத்தது நடுவர் குழுவின் சோதனைக் காலம். படத்துக்கு விருது கொடுத்தாயிற்று. சூ யிங்தாயாக நடித்த பெட்டி லோ தீக்குச் சிறந்த நடிகை விருதும் கொடுத்தாயிற்று. லிங் போவுக்கு? சிறந்த நடிகர் என்றால் அவர் பெண். சிறந்த நடிகை என்றால் நடித்தது ஆண். கொடுக்காமல் விட்டால் வெளியே நிற்கும் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது. கடைசியில், நடிகரா நடிகையா என்று தெளிவாகச் சொல்லாமல் ஒரு சிறப்பு விருதைத் தயார் செய்து கையில் கொடுத்தார்கள். தூதரக அறிக்கை எழுதிப் பழகிய அரசாங்கத்துக்கு இந்த மாதிரி வாசகம் தயாரிப்பதா கஷ்டம்?

இதில் கொசுறு ஒன்று உண்டு. மாண்டரின் சினிமாவின் மகுடம் என்று தூக்கிவைத்த இந்த லிங் போ, அதற்கு முன் வேறு பேரில் ஹாங்காங்கில் நடித்துக்கொண்டிருந்தது ஹொக்கியன் படங்களில். எந்த மொழியை விருதுக்கு வெளியே நிறுத்தினார்களோ, அந்த மொழிக்காரிக்குத்தான் ஊரே திரண்டது.

குதிரை சொன்ன பேச்சைக் கேட்காது என்று அரசு அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும். பதிலாக வாத்துக்குத் தாவினார்கள். சியாங்கின் கட்சி நடத்திய ஸ்டுடியோ 'ஆரோக்கிய யதார்த்தவாதம்' என்று ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்தது. யதார்த்தம் காட்டலாம், ஆனால் பார்த்தவன் வருத்தப்படக் கூடாது. ஏழை இருக்கலாம், சட்டை வெளுத்திருக்க வேண்டும். கிராமம் இருக்கலாம், சேறு கூடாது. லீ சிங் இயக்கிய 'அழகிய வாத்துக்குஞ்சு' இதன் சிகரம். வாத்து வளர்க்கும் கிழவர், வளர்ப்பு மகள், பாசம், தியாகம், நடுநடுவே அரசாங்கத்தின் வாத்துப் பண்ணை முன்னேற்றம். 1965-இல் சிறந்த படம் அதுதான். கேலி செய்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், படம் அழகாக இருக்கிறது. நூற்றுக்கணக்கான வாத்துகள் வண்ணத் திரையில் நீந்தி வரும்போது தத்துவமெல்லாம் மறந்துவிடுகிறது. வாத்துகள் மட்டும் எந்தக் கட்சிக்காகவும் நடிக்கவில்லை.

இந்தக் காலத்தில் ஹாங்காங்கிலிருந்து படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு சடங்கு இருந்தது. அங்கிருந்த 'சுதந்திரச் சங்கம்' என்ற அமைப்பில் சேர்ந்து, நமக்கும் பெய்ஜிங்குக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தைவானில் படம் ஓடாது. தைவானில் ஓடாவிட்டால் ஹாங்காங் தயாரிப்பாளருக்குக் கஞ்சிதான். எண்பதுகளின் தொடக்கத்தில் லீ ஹான்-சியாங், அதாவது தைபேயைப் பைத்தியக்கார நகரமாக்கிய அதே மனிதர், நிஜ அரண்மனையில் படம் எடுக்கும் ஆசையில் பெய்ஜிங் போனார். தைவானின் கதவு சாத்தப்பட்டது. அவர் படத்தில் பேரரசராக நடித்த இளைஞர் டோனி லியூங் கா-ஃபாய்க்கு ஹாங்காங்கில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது, தைவானில் தடை கிடைத்தது. தடை விழுந்த நடிகரை வைத்துப் படமெடுக்க ஆளில்லை. சிறந்த நடிகர் தெருவோரத்தில் கடை போட்டுக் கைவினைச் சாமான் விற்றார். பேரரசராக நடித்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையை நிஜப் பேரரசர்கள்கூட அனுபவித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

1980-இல் விருதோடு சேர்த்து வெளிநாட்டுப் படங்களுக்கான ஒரு விழாவும் தொடங்கினார்கள். இராணுவச் சட்டம் அமலில் இருந்த ஊரில், வழக்கமான கத்தரி கொஞ்சம் ஓய்வெடுக்கும் சில நாட்கள் அவை. டிக்கெட்டுக்கு வரிசை நீண்டது. ஐரோப்பியக் கலைப்படத்தின் ஆன்ம விசாரத்தைத் தரிசிக்கத்தான் இவ்வளவு பேரும் வந்தார்கள் என்று நம்புவது நாகரிகம். நாமும் நம்புவோம். சென்னையில் திரைப்பட விழா வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் என்ன நோக்கத்தோடு உள்ளே போனாலும், மூன்று மணி நேரம் பெர்க்மனைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் பழைய ஆளாக வருவதில்லை. வாத்துப் படம் அவனுக்கு அப்புறம் பற்றாது.

1983-இல் அந்தத் தலைமுறை படமெடுக்கத் தொடங்கியது. ஹுவாங் சுன்-மிங்கின் கதைகளை வைத்து, மூன்று குறும்படங்கள் சேர்ந்த ஒரு படம். மூன்றாவது வான் ஜென் இயக்கிய 'ஆப்பிளின் சுவை'. அமெரிக்க இராணுவ அதிகாரியின் கார் ஒரு கூலித் தொழிலாளியை மோதிவிடுகிறது. அவனைப் பளபளக்கும் அமெரிக்க ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், நஷ்டஈடு தருகிறார்கள். குடும்பமே கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து வாழ்க்கையில் முதல்முறையாக ஆப்பிள் கடிக்கிறது. கால் போனாலும் ஆப்பிள் வந்ததே! தைபேயின் குடிசைப் பகுதியைக் காட்டி நாட்டின் மானத்தை வாங்குகிறார்கள் என்று, விமர்சகர் சங்கம் ஒன்றின் பேரில் மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போயிற்று. ஸ்டுடியோ பயந்துபோய்க் கத்தரியை எடுத்தது. ஒரு பத்திரிகை நிருபர் விஷயத்தை அச்சில் ஏற்ற, ஊரே சிரிக்க, வெட்டியதைத் திரும்ப ஒட்டினார்கள். தைவான் சினிமா வரலாற்றில் இதன் பேர் 'ஆப்பிள் சீவிய விவகாரம்'. மொட்டைக் கடிதம் எழுதியவர்கள் படத்துக்குச் செய்த விளம்பரத்தைத் தயாரிப்பாளர் பணம் கொடுத்துச் செய்திருக்க முடியாது.

1987 ஜூலையில் இராணுவச் சட்டம் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து ஹௌ சியாவ்-சியென் 'துயர நகரம்' எடுத்தார். 1947 பிப்ரவரி 28-ஐ ஒட்டி, சியாங் வந்து சேருமுன்பே தீவை ஆண்ட அவரது ஆட்சி அங்கே நடத்திய கொலைகளைப் பற்றி நாற்பது வருஷம் யாரும் வாய் திறந்ததில்லை. திறந்த முதல் பெரிய படம் அது. ஹொக்கியன், ஜப்பானியம், கேண்டனீஸ், ஷாங்காய்ப் பேச்சு, மாண்டரின் எல்லாம் கலந்து ஒலித்தது. நாயகனாக நடிக்க ஹாங்காங்கிலிருந்து வந்த டோனி லியூங் சியூ-வாய்க்கு (முன்பு கடை போட்டவர் அல்ல, இவர் வேறு லியூங்) ஹொக்கியன் வராது. சரி, நீ ஊமையாக நடித்துவிடு என்று பாத்திரத்தையே செவிட்டூமைப் புகைப்படக்காரனாக்கிவிட்டார்கள். நாற்பது வருஷம் வாய் பொத்திக் கிடந்த ஊரின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான நாயகன் யோசித்தாலும் கிடைத்திருக்க மாட்டான். உலகம் இதைப் பெரிய குறியீடாக எழுதித் தள்ளியது. அடிப்படையில் அது டப்பிங் பிரச்சினை.

வெனிஸில் படத்துக்குத் தங்கச் சிங்கம் கிடைத்தது. சீன மொழிப் படம் எதற்கும் அதற்கு முன் கிடைக்காத மரியாதை. சிங்கத்தோடு ஊர் திரும்பினார் ஹௌ. குதிரை என்ன செய்தது தெரியுமா? ஹௌவுக்குச் சிறந்த இயக்குநர் விருது கொடுத்தது, சென் சுங்-யூங்குக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தது. சிறந்த படம் மட்டும் 'நியூயார்க்கில் பௌர்ணமி' என்றது. நல்ல படம்தான், ஸ்டான்லி குவான் எடுத்தது. தைவான், ஹாங்காங், பெருநிலம் மூன்றிலிருந்தும் ஒவ்வொரு பெண் நியூயார்க்கில் சந்தித்துத் தோழிகளாவது கதை. மூன்று சீனாக்களும் சண்டையில்லாமல் ஒரு மேஜையில் உட்கார வேண்டுமென்றால் அமெரிக்கா போனால்தான் முடியும் என்ற அரசியல் உண்மைக்காகக் கொடுத்தார்களோ என்னவோ. உள்ளூர்க்காரனுக்கு வெளியூர் கொடுத்த மரியாதையை உள்ளூர் கொடுக்காதது உலக வழக்கம், தைபே மட்டும் என்ன விலக்கா?

1996-இல் வாசல் முழுசாகத் திறந்தது. பெருநிலத்துப் படமும் போட்டியிடலாம் என்று விதி மாறியது. திறந்த அன்றைக்கே ஜியாங் வென்னின் 'வெயில் கொளுத்திய நாட்கள்' உள்ளே வந்து சிறந்த படம் உட்பட 6 விருதுகளை அள்ளிக்கொண்டு போயிற்று. பெருநிலத்தை மீட்கப் பிறந்த குதிரை, முதல் தடவையாகப் பெருநிலத்தான் ஒருவனைப் பார்த்ததும் முதுகைக் காட்டி ஏறிக்கொள் என்று நின்றது. சியாங் உயிரோடு இருந்திருந்தால் அக்டோபர் 31-ஐக் காலண்டரிலிருந்தே கிழித்திருப்பார்.

அடுத்த இருபது வருஷம்தான் விருதின் பொற்காலம் என்று நான் சொல்வேன். தகுதி படத்துக்குத்தான், பாஸ்போர்ட்டுக்கு இல்லை என்பது பழக்கமாயிற்று. பெய்ஜிங்காரர் எடுத்த படம், ஹாங்காங்காரர் படம், மலேசியாக்காரர் படம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. 2011-இல் சிறந்த படம் 'சீடிக் பலே'. ஜப்பானிய ஆட்சிக்கு எதிராகத் தைவான் பழங்குடியினர் எழுந்த கதை. அதில் பேசுவது பெரும்பாலும் சீடிக் மொழியும் ஜப்பானியமும். மாண்டரினுக்காக ஆரம்பித்த விருது, மாண்டரினைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய படத்துக்குப் போயிற்று. 2013-இல் நடுவர் குழுத் தலைவர் ஆங் லீ. எதிரே வோங் கார்-வாய், ஜியா ஜாங்-கே, ஜானி டோ, ட்சாய் மிங்-லியாங் என்று மகாரதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, சிறந்த படம் 'இலோ இலோ' என்று அறிவித்தார்கள். அந்தோணி சென் என்ற சிங்கப்பூர் இளைஞரின் முதல் முழுநீளப் படம், ஒரு குடும்பமும் அதன் பிலிப்பினோ வேலைக்காரியும். மகாரதர்கள் கைதட்டினார்கள். முகத்தில் சிரிப்பும் இருந்தது. எல்லோரும் நல்ல இயக்குநர்கள், நடிக்கவும் தெரியும்.

பிறகு 2018 நவம்பர் 17. மண்டபத்தின் பேரிலேயே விதி சிரித்திருக்கிறது: சுன் யாட்-சென் நினைவு மண்டபம். இரண்டு கரைக்காரர்களும் கும்பிடும் ஒரே சாமி அவர்தான். சிறந்த ஆவணப்பட விருதை வாங்க மேடையேறிய ஃபு யூ, எங்கள் நாட்டை ஒருநாள் உண்மையான தனி ஆளாக உலகம் நடத்தவேண்டும் என்ற ஆசையைக் கண்ணீரோடு சொல்லிவிட்டு இறங்கினார். பெருநிலத்தில் நேரடி ஒளிபரப்பு பொசுக்கென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் விருது வழங்க வந்த பெருநில நடிகர் டூ மென், 'சீனத் தைவானின்' தங்கக் குதிரைக்குத் திரும்ப வந்ததில் பெருமை என்றார். அதற்கப்புறம் மைக் பிடித்தவர்களெல்லாம் சினிமாவை மறந்துவிட்டு 'இரு கரையும் ஒரே குடும்பம்' என்றார்கள். குடும்பம் என்ற வார்த்தை ஒரு விழாவில் இத்தனை தடவை வந்தால் பாகப்பிரிவினை நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

உச்சக்கட்டம் கடைசி விருது. சிறந்த படத்தை அறிவிக்க, விழாக் குழுத் தலைவர் ஆங் லீயும் நடுவர் குழுத் தலைவர் கோங் லியும் சேர்ந்து மேடைக்கு வர வேண்டும். ஆங் லீ வந்தார். கோங் லி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கேமரா அவரைப் பார்த்தது, அவர் கேமராவைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ படங்களில் எத்தனையோ முகபாவம் காட்டியவர், அன்று ஒன்றும் காட்டாமல் காட்டினார். ஆங் லீ தனியாகவே உறையைப் பிரித்தார். விருது 'அசையாமல் அமர்ந்த யானை'க்கு. கற்பனை செய்து எழுதியிருந்தால் ஆசிரியர் இந்த இடத்தை வெட்டியிருப்பார், ரொம்பச் செயற்கை என்று. (படத்தை எடுத்த ஹூ போ அதற்கு முந்தின வருஷமே, 29 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். அந்த அரங்கில் அரசியல் பேசாத ஒரே ஆள்.)

விழா முடிந்த விருந்துக்குப் பெருநில விருந்தினர்கள் வரவில்லை. அன்றிரவே பெருநில நட்சத்திரங்கள், தைவானும் சேர்ந்த சீன வரைபடத்தைச் சமூக ஊடகத்தில் பகிர ஆரம்பித்தார்கள். வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கி மாதக்கணக்கில் காணாமல் போயிருந்த ஃபான் பிங்பிங்கும் எங்கிருந்தோ வந்து பகிர்ந்தார். தேசபக்திக்கு வரி கிடையாது.

2019 ஆகஸ்டில் பெய்ஜிங் அறிவித்தது: எங்கள் படமும் வராது, ஆளும் வராது. ஹாங்காங்கின் ஜானி டோ நடுவர் குழுத் தலைவராக இருக்க ஒப்புக்கொண்டிருந்தார், ஒப்பந்த வேலை இருக்கிறது என்று விலகினார். அதோடு விட்டார்களா? பெருநிலத்துக்குச் சொந்தமாக ஒரு விருது உண்டு, தங்கச் சேவல். சேவல் வருஷமான 1981-இல் தொடங்கியது. அந்த ஆண்டு சேவலின் விழாவைக் குதிரையின் விழா நடக்கும் அதே நவம்பர் 23-ஆம் தேதிக்கு வைத்தார்கள். எந்த ஊரில்? ஷியாமெனில். கின்மன் தீவுக்கு நேர் எதிர்க்கரை, படகில் அரைமணி நேரம். அறுபது வருஷத்துக்கு முன் எந்தக் கரையிலிருந்து குண்டு போட்டார்களோ, அங்கே இப்போது சிவப்புக் கம்பளம் விரித்துச் சேவலைக் கூவவிட்டார்கள். தேதியைப் பாருங்கள். 23, ஒற்றைப்படை.

சேவல் 'அலைந்து திரியும் பூமி'யைச் சிறந்த படம் என்றது. சூரியனிடமிருந்து தப்பிக்கப் பூமியையே நகர்த்திக்கொண்டு போகும் கதை. குதிரை சுங் மங்-ஹொங்கின் தைவான் படத்தைத் தேர்ந்தெடுத்தது, அதன் சீனப் பேரில் சூரியன் எல்லோர் மேலும் காய்கிறது. சிறந்த நடிகை விருது மலேசியாவைச் சேர்ந்த யோ யான் யானுக்கு. பெருநிலத்து நட்சத்திரங்கள் இல்லாமல் கம்பளம் கொஞ்சம் காலியாகத்தான் இருந்தது, மறைக்க வேண்டாம். வியாபாரமும் அடிபட்டது. ஆனாலும் அதற்கப்புறம் விழா ஒரு வருஷம்கூட நிற்கவில்லை.

நின்றிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நிற்காததால் இப்போது வேடிக்கை வேறு மாதிரி நடக்கிறது. தங்கள் ஊரில் திரையிட முடியாத படங்களைப் பெருநில, ஹாங்காங் இயக்குநர்கள் அமைதியாகத் தைபேக்கு அனுப்புகிறார்கள். 2021-இல் சிறந்த ஆவணப்படம் ஹாங்காங் போராட்டத்தைப் பற்றிய கிவி சௌவின் படம், ஹாங்காங்கில் அதைப் போட முடியாது. 2023-இல் சிறந்த படம் 'கல்வாசல்', பெருநிலத்தில் எடுத்தது. 2024-இல் சிறந்த படம், சிறந்த இயக்குநர் இரண்டு விருதும் லோ யேவுக்கு, 2020 தொடக்கத்தில் ஊஹான் அருகே ஓட்டலில் அடைபட்ட ஒரு படக்குழுவைப் பற்றிய 'முடிவுறாத ஒரு படம்' என்ற படத்துக்காக. பெய்ஜிங் வரக் கூடாது என்று சொல்லி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. விருதை வாங்க லோ யே வரவில்லை, அவர் மனைவி வந்து வாங்கிக்கொண்டார்.